வேலையை விட்ட காரணம்

"இந்த வரியில என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்கண்ணே."

வீரலட்சுமி படிவத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்து, அந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

அவளுக்கு முன்னால் முப்பது பெண்கள் அதே மேசையில் கையெழுத்தோ கைநாட்டோ போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தியும் இதைக் கேட்கவில்லை. கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான். "இங்க போடு தாயி, ஒரு மாசத்துல பி.எஃப். பணம் வந்துரும்" என்று சொல்லிச் சொல்லி, ரெவின்யூ ஸ்டாம்பை நானே ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

செம்பட்டி ரோட்டில் இருந்த அந்த நூல் மில்லில் ரீலிங் பகுதியை மூடி நான்கு நாள் ஆகியிருந்தது. நூலைச் சிட்டம் என்கிற வளையங்களாகச் சுற்றுகிற வேலை. முப்பத்தோரு பெண்கள், அவர்கள் கணக்கைப் பார்க்கிற கிளார்க்காக நான். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்தவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தி, இனி வேலை கிடையாது என்று சொன்னான். வியாழக்கிழமை, பி.எஃப். படிவத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தோம்.

"வழக்கமா எழுதுறதுதான்" என்றேன்.

"அது என்னான்னுதான் கேக்குறேன்."

பதினோரு வருடமாக மில்லில் இருந்தவள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்ப் பேப்பரை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டுவாள். அவள் மகளுக்கு டீச்சர் டிரெய்னிங்கில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். எல்லோரையும்விட அவசரம் அவளுக்குத்தான். அதனால் ஒன்றும் கேட்காமல் போட்டுவிடுவாள் என்று நினைத்திருந்தேன்.

உள்ளறையில் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்தே கிடந்தது.

ஆங்கிலத்தில் வாசித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. தமிழில் சொன்னேன்.

"வேலையை விட்ட காரணம்: சொந்த விருப்பத்தின் பேரில்."

"யாரு விருப்பம்ணே?"

அவளுக்கான ரெவின்யூ ஸ்டாம்பைக் கிழித்து எடுத்தேன்.

"இதுல போட்டா நானா நின்னுக்கிட்டேன்னு ஆயிரும். பெறகு நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனா, இந்தா உன் கையெழுத்துன்னு காட்டுவாக. அப்படித்தான?"

அப்படித்தான். அதற்காகவே அந்த வரி. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டணுமே தாயி."

"அது எம் பாடு. கம்மல வித்தாச்சும் கட்டுறேன்."

மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். அந்த வரியின் மேல் அழுத்தி ஒரு கோடு. பக்கத்தில் தமிழில் எழுதினாள்: 'வேலை இல்லை என்று கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள்.' கட்டத்துக்குள் அடங்கவில்லை. மீதியை ஓரத்தில் செங்குத்தாக எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டாள்.

மேனேஜர் பின்னால் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

"ஏம்மா, அடிச்சு எழுதின ஃபாரத்தை நான் அனுப்ப மாட்டேன். உனக்குப் பணம் வராது."

"எஞ் சம்பளத்துல பிடிச்ச காசு சார். அது எங்கயும் ஓடிப்போயிராது. நானும் ஓடிப்போகல. மதுரை பி.எஃப். ஆபீசுக்கு நானே கொண்டுபோயிக் குடுத்துக்கிறேன்."

படிவத்தை நான்காக மடித்து ஒயர் கூடைக்குள் வைத்தாள். அவசரப்படாமல் நடந்து போனாள்.

"ஆரோக்கியதாஸ், அவளுக்குப் புதுசா ஒண்ணு டைப் பண்ணி வைங்க. திரும்பி வருவா" என்றார் மேனேஜர். "மத்ததெல்லாம் இன்னைக்கே தபால்ல போயிரணும்."

"சரி சார்."

இருபத்திரண்டு வருடமாக அந்த அறையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

ஜன்னல் வழியே பார்த்தேன். கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் போயிருக்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் ஒரு மணி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார்கள். வீரலட்சுமி நடுவில் நின்று, மடித்ததைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னாளோ தெரியவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். எல்லோரும் என் ஜன்னலைப் பார்த்தார்கள்.

தபால் உறைக்குள் போட்டிருந்த படிவக் கட்டை வெளியே எடுத்தேன். மேனேஜர் மறுபடி போனில் இருந்தார். அவர் பார்க்கும்படியே அவர் கதவைத் தாண்டிப் படியிறங்கினேன்.

நான் வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. கைநாட்டு வைத்த மை விரலில் இன்னும் காயாத பொன்னழகு கேட்டாள்.

"என்னண்ணே, இன்னும் ஒரு கைநாட்டு வைக்கணுமா?"

"இல்ல. வாசிக்க வந்தேன். ஒவ்வொண்ணா வாசிக்கிறேன். வேணாம்னு தோணுனா வாங்கிக் கிழிச்சுப் போடுங்க."

கட்டின் மேல் இருந்ததை முதலில் எடுத்தேன். புதன்கிழமை சாயங்காலமே டைப் செய்த படிவம் அது. ரீலிங் இல்லாத மில்லுக்கு ரீலிங் கிளார்க் எதற்கு என்று கேட்ட மேனேஜர், தன் எதிரிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார். அதைப் பார்த்துத்தான் மற்ற முப்பத்தொன்றையும் டைப் அடித்தேன்.

"பெயர், ஆரோக்கியதாஸ்" என்று உரக்க வாசித்தேன். "வேலையை விட்ட காரணம், சொந்த விருப்பத்தின் பேரில்."

அதைத்தான் முதலில் கிழித்தேன்.