உள்ளங்கை மாத்திரை

காலை பதினொரு மணி வெயில் பரிசோதனைக் கட்டிலின் ஓரத்தில் விழுந்து கிடக்கிறது. அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். புதிதாகக் கிளம்பிய கொப்புளங்களில் ஒட்டிக்கொள்ளாதபடி ரவிக்கையைக் கணவன் விரல்நுனியால் தூக்கிப் பிடித்திருக்கிறான். தோல் மருத்துவர் ஒரு கொப்புளத்தின் பக்கத்தில் இருக்கும் நல்ல தோலைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளுகிறார். வெந்த தக்காளியின் தோல்போல அது வழுக்கிக்கொண்டு வருகிறது. அவள் பல்லைக் கடிக்கிறாள். "நல்லா அடங்கியிருந்ததேம்மா. மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" என்கிறார் மருத்துவர். "ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர். தினமும் இவர்தான் உறையைப் பிரிச்சு என் கையில வச்சுக் குடுப்பாரு." கணவன் சிரிக்கிறான். "முகத்தைப் பாருங்க டாக்டர். பூசணிக்கா மாதிரி ஊதிக் கிடந்துச்சு. என் தம்பி கல்யாணத்துக்குள்ள பழைய முகம் வந்துருச்சு, போட்டோவுக்குக் கவலை இல்ல." மருத்துவர் சிரிக்கவில்லை. "அந்த மாத்திரையாலதான் முகமே ஊதும். அது உள்ள போயிட்டிருந்தா வீக்கம் இப்படி வத்தாதே." மின்விசிறி கடகடக்கிறது. அவன் விரல்கள் தளர்கின்றன. ரவிக்கைத் துணி புண்ணில் போய் ஒட்டுகிறது. அவள் மேலண்ணத்தை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். பிறகு மெதுவாகத் திரும்புகிறாள்.

"ஏங்க, கொஞ்ச நாளா அந்த மாத்திரை கசக்கவே இல்லையே?"