மேகக் கூட்டம்

"அந்த டெய்லரை இன்னிக்கோட கூட்டத்துலேர்ந்து நீக்கிடப் போறேன்" என்றார் மருந்துக்கடைக்காரர், மனைவியிடம்.

"பாவம், ஏங்க?"

"எத்தனை வருஷமா மேகம் பார்க்க வர்றார்! இன்னும் கீற்று எது, திரள் எதுன்னு தெரியல. ஆனா முதல் ஆளா கத்துறது அவர்தான். புதுசா வர்றவங்க கெட்டுப்போக மாட்டாங்களா?"

கூட்டத்துக்கு இப்போது மருந்துக்கடைக்காரர்தான் பொறுப்பு. மேகத்துக்கே அட்டெண்டன்ஸ் எடுக்கிற ஆள்.

ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்து மல்லாந்து படுப்பார்கள். முதுகுவலி, மேனேஜர், வாடகை எல்லாம் படிக்கட்டோடு சரி. மேகம் போகிற போக்கில் மனசும் மெல்ல மிதந்து போகும். யாராவது ஒன்றைக் கை காட்டினால், அது என்ன மேகம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவரவர் நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்வதும் உண்டு.

அன்று முதலில் ஒருவர் கை காட்டியது, மெல்லிய வெள்ளை இழைகள்.

"திரள் மேகம்!" டெய்லர் முந்திக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் பல்லைக் கடித்தார்.

"இல்லண்ணே... அது கீற்று. ரொம்ப உயரத்துல, இழை இழையா இருக்கு பாருங்க."

ஓரத்துப் பாயிலிருந்து நர்ஸம்மா. கணவர் போனபின் ஆஸ்பத்திரி உண்டு, வீடு உண்டு என்று இருந்தவர். இரண்டு மாதமாக வருகிறார். ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது விடவே இல்லை. இன்னும் நாலு மேகத்துக்குப் பெயர் சொன்னார். நடுவில் ஒரு தடவை சிரிக்கவும் செய்தார். எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் மருந்துக்கடைக்காரர் டெய்லரை நிறுத்தினார்.

"உங்க மேக நோட்டைக் குடுங்க."

நீக்குவதற்கு ஆதாரம் வேண்டுமே! பிரித்தார். அன்றைய பக்கத்தில், 'ஐந்தே கால் மணி. கீற்று மேகம்.' பின்னால் புரட்டினார். கூட்டம் இல்லாத நாட்களிலும் தனியாகப் பார்த்து, பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. ஒன்றுகூடத் தப்பில்லை.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே தப்பாச் சொன்னீங்களா?"

டெய்லர் தலையைச் சொறிந்தார்.

"சரியாச் சொன்னா எல்லாரும் தலையாட்டிட்டுச் சும்மா இருந்துடறாங்க சார். தப்பாச் சொன்னாத்தான், எப்பேர்ப்பட்ட வாயில்லாப்பூச்சியும் திருத்த வாயைத் திறக்குது."

"எத்தனை நாளா நடக்குது இது?"

டெய்லர் பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்க வந்த புதுசுல, ஒரு மாசம் யார்கிட்டயும் பேசாம மூலையில படுத்திருந்தீங்களே சார்... அப்போலேர்ந்து."