அடுப்புக் கட்டிடம்

"சார், நூல் ஆடுது!"

மதியம் இரண்டு மணி. உள்ளே முப்பத்தாறு டிகிரி. ஈகூட பறக்கச் சோம்பல்பட்டு மேசையில் நடந்துகொண்டிருந்தது. இந்த லட்சணத்தில் நூல் ஆடுகிறதாம்.

கட்டிடக்கலை மாணவர்களுக்கு நான் வடிவமைப்பு வகுப்பு எடுக்கிறேன். வெயில், காற்று, வெளிச்சம், இவற்றுக்கு நடுவே புழுங்கிச் சாகிற மனுஷன், எல்லாம் சேர்ந்ததுதான் பாடம். வருடா வருடம் முதல் பயிற்சி ஒன்றுதான். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கட்டிடத்தின் குறைகளை அளந்து எழுதுங்கள்.

குறைகளுக்குப் பஞ்சமே கிடையாது. கீழே ஒரு தளம், மேலே இரண்டு மாடி, மூன்றிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் மாடிப்படி. படிக்கு மேலே, கூரையையும் தாண்டி, நான்கு பக்கமும் திறந்த ஒரு கூண்டு. மழைக்காலத்தில் சாரலை உள்ளே விடுவதைத் தவிர அது ஒரு வேலை செய்து யாரும் பார்த்ததில்லை.

கட்டிடத்துக்கு அடுப்பு என்றும் கூண்டுக்குப் புகைபோக்கி என்றும் எந்தக் காலத்து மாணவனோ பெயர் வைத்தான். கேட்டவுடன் முதலில் சிரித்தவன் நான்தான்.

இந்த வருடம் விஷயம் விளையாட்டாக இல்லை. அடுப்பை இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டிடம் கட்டலாமா என்று நிர்வாகம் மறுநாள் முடிவெடுக்கிறது. மாணவர்களின் அளவுகளைச் சேர்த்து என் அறிக்கை மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதை முந்தைய நாளே எழுதி முடித்துவிட்டேன். இடிக்கலாம் என்று எழுதி, எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

நூல் ஆடுகிறது என்று கத்தியவளுக்கு வகுப்பில் கேள்விக்குறி என்று பெயர். மற்றவர்கள் தெர்மாமீட்டரைப் பார்த்து நாலு எண்ணை எழுதிக்கொண்டு நிழல் தேடிப் போய்விட்டார்கள். இவள் மட்டும் ஒரு குச்சியின் நுனியில் நூலைக் கட்டிக்கொண்டு காலையிலிருந்து சுவர் சுவராக அலைந்தாள். காற்று தள்ளினால் நூல் சாயும். அவ்வளவுதான் அந்தக் கருவி.

அவள் நின்றது தரைத்தளத்தின் பின்பக்கச் சுவரோரம். அங்கே வரிசையாக ஒன்பது இரும்பு அலமாரிகள், உள்ளே பழைய மாணவர்கள் செய்த அட்டை மாடல்கள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடுக்கில் குச்சியை நீட்டினாள். நூல் எங்கள் பக்கமாகச் சாய்ந்து துடித்தது.

"பின்னாடி என்ன சார் இருக்கு?"

"சுவருதான்."

"சுவரு எங்கயாவது மூச்சு விடுமா சார்?"

ஆறேழு பேரைக் கூட்டி வந்தாள். முதல் அலமாரி தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. பின்னால், முழங்காலுக்குக் கீழே, சுவரில் நீளமாக ஒரு திறப்பு. வெளியே மண்டிக் கிடந்த புதருக்கு அப்பால் மரநிழல் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தூசி வருகிறது, இந்த ஓட்டைகளை மறைத்து அலமாரிகளைப் போடுங்கள் என்று பதினெட்டு வருடங்களுக்கு முன், கட்டிடம் திறந்த புதிதில், ஆட்களை வைத்து நகர்த்தியது நானேதான்.

இரண்டாவது அலமாரி. மூன்றாவது. திறப்புகள் வந்துகொண்டே இருந்தன. புதரை வெட்ட இரண்டு பேர் வெளியே ஓடினார்கள்.

ஒன்பதாவது நகர்ந்தபோது முதலில் கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது.

மர நிழலில் ஆறிய காற்று தரையோடு தரையாக உள்ளே வந்தது. முழங்காலைத் தாண்டியது. எங்களை விட்டுவிட்டுப் படியேறிப் போனது. முதல் மாடியில் ஒரு கதவு தானாகத் திறந்தது. இரண்டாவது மாடியில் வரைபடத் தாள்கள் படபடத்தன. யார் மின்விசிறி போட்டது என்று ஒருவன் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

அப்புறம் உச்சியில், புகைபோக்கிக்குள், ஊம் என்று ஒரு சத்தம்.

வெயிலில் காய்ந்த அந்தக் கூண்டு உள்ளே இருந்த சூட்டையெல்லாம் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நயா பைசா மின்சாரச் செலவில்லாமல். கேள்விக்குறியின் கையில் நூல் கிடையாக நின்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களும் சேர்ந்து, வகுப்பில் வாய் ஓயாத இருபத்து மூன்று பேரும் மாடிப்படியின் நடுவே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். காற்றைப் பற்றி இத்தனை காலம் பாடம் நடத்தியவன் முதல் தடவையாக அதன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மூன்றரை மணிக்குத் தெர்மாமீட்டர் முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. அறிக்கையைக் கிழித்துப் புதிதாக எழுத அரை மணி நேரம் இருந்தது.

"இத யாரு சார் வரைஞ்சது? அவங்கள நான் பாத்தே ஆகணும்," என்றாள் கேள்விக்குறி. அவள் கண் கலங்கியிருந்தது.

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை ஒரு மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன்.

"என்னங்க, இந்த நேரத்துல?" என்றாள் மனைவி. இந்தக் கட்டிடம் திறந்த இரண்டாவது வருடம் வரைபலகையைப் பரணில் ஏற்றிவிட்டு, அதற்குப் பின் ஒரு கோடுகூடப் போடாதவள்.

போனை மாடிப்படிக்கு நேராக, அந்தச் சத்தம் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தேன்.

திரும்பக் காதில் வைத்தேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அலமாரிய நகர்த்தியாச்சா?"