பவுல்ராஜின் வலது கால்

பவுல்ராஜ் எடுத்த சீட்டில் யூதாஸ் என்று எழுதியிருந்தது.

மடித்தார். மறுபடி பிரித்தார். யூதாஸ் அங்கேயேதான் இருந்தான்.

பெரிய வியாழன் மாலைப் பூசை தொடங்க இன்னும் பத்து நிமிடம். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டாயிற்று. இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பங்குத்தந்தை பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவி, துடைத்து, முத்தமிடுவார்.

போன வருஷம் வரை நாற்காலிகள் கிரேடு வாரியாக நிரம்பின. முதலில் அதிகாரிகள், அப்புறம் பர்மனென்ட், கடைசியில் ஒரே ஒரு கான்ட்ராக்ட்.

"கிறிஸ்துவின் சமூகத்தில் கிரேடு ஏது?" என்று பங்குப் பேரவையில் மேசையைத் தட்டியவர் அதன் துணைத்தலைவரான பவுல்ராஜ்தான். சுரங்கத்தில் ஷிஃப்ட் ஃபோர்மேன். ஏழு வருஷமாக நாலாவது நாற்காலிக்கு மேல் அவருக்கு ஏற்றம் கிடைக்கவில்லை என்பது இந்தச் சமத்துவத்தின் பூர்வீகம்.

ஆகவே சீட்டுக் குலுக்கல். ஆளுக்கொரு சீடர். பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று நெஞ்சில் குத்திக்கொள்ள உள்ளங்கை அகலத்தில் அட்டைகள். வடலூரில் லேமினேஷன் போட்டு வாங்கி வந்தவரும் அவரே.

மூன்றாவது வரிசையில் நெல்லிக்குப்பத்துக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. மகள் நான்சியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. 'வந்து பாருங்க, முன்னாலதான் உக்காந்திருப்பேன்' என்று போன் போட்டு வரவழைத்திருந்தார்.

"ஃபாதர், காட்டிக்குடுத்த யூதாஸ் போனப்புறம் அந்தப் பதவி மத்தியாவுக்குத்தானே வந்துச்சு? அதுவும் சீட்டுக் குலுக்கிதான். அட்டையில அவர் பேரைப் போட்டுக்கறேனே."

ஃபாதர் அலெக்ஸ் பூசை உடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அது உயிர்ப்புக்கு அப்புறம் போட்ட போஸ்டிங். இன்னிக்கு வியாழக்கிழமைதான் சார்."

"அப்ப மறுபடி குலுக்குவோம்."

பதினொரு பேரும் தங்கள் அட்டையைக் கையால் பொத்திக்கொண்டார்கள்.

"நீங்க போட்ட ரூல்தானே சார்?" என்றார் யாகப்பர் சீட்டு விழுந்த ஒரு கிளார்க்.

அப்போதுதான் ஜோஸ்வா முன்னால் வந்தான். நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு. அவனுக்கு இராயப்பர் விழுந்திருந்தது. சீடர்களுக்கெல்லாம் தலைவர், முதல் நாற்காலி.

"குடுங்க சார், மாத்திக்கலாம். ஒரு வருஷமா எங்க ஆளுங்க என்னை யூதாஸ்னுதானே கூப்புட்டுக்கினு இருக்கானுங்க."

அது எல்லோருக்கும் தெரிந்த கதை. போன வருஷ வேலைநிறுத்தத்துக்கு முன்பு, கான்ட்ராக்ட் ஆட்கள் பதினைந்து பேர் கோயில் மண்டபத்தில் ரகசியமாகக் கூடிப் பேசினார்கள். மறுநாள் கான்ட்ராக்டர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பதினான்கு பெயர். பதினான்கு பேருக்கும் கேட் பாஸ் ரத்தாகி வேலை போயிற்று. பெயர் இல்லாத ஒரே ஆள் ஜோஸ்வா. கழித்தல் இவ்வளவு சுலபமாக இருந்ததால் யாரும் தனியாக விசாரணை வைக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள்.

பவுல்ராஜ் அட்டையைக் கொடுத்தார். இராயப்பரை வாங்கிக் குத்திக்கொண்டார். வயிறு தானாக உள்ளே போய் நெஞ்சு நிமிர்ந்தது.

பூசை நடந்தது, வாசகம் முடிந்தது, பாதம் கழுவும் நேரம் வந்தது. இறைவனின் இரக்கத்தைப் பற்றிய மெதுவான பாட்டுக்கு, கீபோர்டில் வினோலியா பட்டனை மாற்றி அழுத்த, முதல் நான்கு வரிகள் கல்யாண வரவேற்புத் தாளத்தில் போய்விட்டன.

ஃபாதர் இந்தத் தடவை கடைசி நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார். ஜோஸ்வாவின் குதிகால் வெடிப்பில் எத்தனை சோப்புக்கும் போகாத கரி. ஃபாதர் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார்.

"சரியான ஆளுக்குத்தான் விழுந்துருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கேட்டது. ஜோஸ்வா திரும்பவில்லை. பாட்டின் அடிக்குரலைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு காலாக ஃபாதர் நகர்ந்து வந்தார். கடைசியாக பவுல்ராஜ். காலையிலேயே நுரைக்கல் போட்டுத் தேய்த்து, நான்சியின் க்ரீம் பூசிய கால். ஃபாதர் கையை நீட்டினார்.

கால் பின்னால் போயிற்று.

ஃபாதர் மறுபடி நீட்டினார். கால் நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"வேணாம் ஃபாதர். என் காலை நீங்க கழுவக் கூடாது."

ஃபாதரின் காலர் மைக் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோயிற்று. சற்றுமுன் வாசித்த நற்செய்தியில் இராயப்பரும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருந்தார். கூட்டம் சிலிர்த்தது. வினோலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வயலின் சத்தத்தைச் சேர்த்தாள்.

"மனுஷன் அப்படியே வாழ்றாரு பாருங்க" என்றது நெல்லிக்குப்பம். "இந்த எடத்தையே முடிச்சிடலாம்."

"நடிச்சது போதும் சார்" என்றார் ஃபாதர், மைக்கைப் பொத்தியபடி. "முட்டி வலிக்குது. காலை நீட்டுங்க."

பவுல்ராஜால் நீட்ட முடியவில்லை. போன வருஷம் கான்ட்ராக்ட் ஆட்களிடம் மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் ஓரம் நின்று அவர் எழுதிய பட்டியலில் மொத்தம் பதினைந்து பெயர். ஞாயிற்றுக்கிழமை தியானப் பாட்டுக்கு வேறு குரல் இல்லையே, பாவம் என்று இரக்கப்பட்டு, ஒரே ஒரு பெயரை மட்டும் அடித்திருந்தார்.