ஒரு கட்டில் மிச்சம்

"இன்னைக்கு மார்ச் முப்பத்தொண்ணு. பக்கத்துப் பஞ்சாயத்துல நூறு சதவீதம் செலவு பண்ணியாச்சு. நமக்கு ஒரே ஒரு கட்டில் காசு மிச்சம். யாரால?"

பிரசிடென்ட் புருஷோத்தமன் கமிட்டியில கத்தினார். வயசானவங்களுக்கு இலவசக் கட்டில் திட்டம். ஏழாம் வார்டு மெம்பர் வல்சலா சேச்சி மட்டும் தன் வார்டுக் கிழவர் குஞ்ஞப்பன் பேரை லிஸ்ட்லேர்ந்து வெட்டியிருந்தாங்க.

"அவங்களுக்கு வேண்டாமாம் சார்."

"தரையில படுக்கிற மனுஷன் கட்டிலை வேண்டாம்பானா? ஏன் வேண்டாமாம்?"

"வேண்டாம்னுட்டாங்க சார்"னு சேச்சி அதையே திரும்பச் சொன்னாங்க.

"நம்ம கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்னு வெட்டிட்டே. காசு கவர்மென்டுக்குத் திரும்பிப் போனா அடுத்த வருஷம் குறைச்சுத்தான் தருவான். வர்ற எலெக்‌ஷன்ல உனக்கு சீட்டு கிடையாது, பாத்துக்கோ."

ஜீப் ஓட்டுற நானும் சேச்சியை மனசுக்குள்ள திட்டினேன். கிழவன் படுக்கையிலயா அரசியல் பண்றது?

கையோட கடையிலேர்ந்து ஒரு கட்டிலை எடுத்து ஜீப் மேல கட்டி, பிரசிடென்டையும் ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன்.

குஞ்ஞப்பன் சம்சாரம் ஏலியாம்மா முற்றத்துல கப்பக்கிழங்கு நறுக்கிட்டிருந்தாங்க. கட்டிலைப் பார்த்ததும் பதறிட்டாங்க.

"இதை எதுக்கு மோனே கொண்டாந்தே? எடுத்துட்டுப் போ."

"பயப்படாதீங்க அம்மச்சி. வல்சலா மிரட்டினாளா?" பிரசிடென்ட் கேட்டார்.

"சேச்சே, அது தங்கமான பொண்ணு."

"பின்னே என்ன?"

அம்மச்சி உள்ளே எட்டிப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாங்க.

"வீட்டுக்கு ஒரு கட்டில்தானே தருவே?"

"ஆமா, அதான் ரூல்."

"அதுல ஒருத்தர்தானே படுக்கலாம்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்களுக்கு ஒரே பாய். இந்த வயசுல அவர் கட்டில்ல, நான் தரையிலயா? எனக்குத் தூக்கம் வருமா மோனே?"

கட்டில் கயித்தை அவுக்க வேண்டாம்னு பிரசிடென்ட் எனக்குக் கையசைச்சார்.

"இதைச் சபையில சொல்லி எங்களைச் சிரிப்பாக்கிடாதேன்னு வல்சலாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். நீயும் சொல்லாதே."

திரும்பற வழியெல்லாம் மனுஷன் வெளியவே பார்த்துக்கிட்டு வந்தார். எனக்கும் வெட்கமா இருந்துச்சு.

ஆபீஸ்ல மெம்பர்ங்க சூழ்ந்துக்கிட்டாங்க. "கட்டில் ஏன் சார் திரும்பி வந்துச்சு?"

"அந்த வீட்டு வாசல் ரொம்பக் குறுகல். கட்டில் நுழையலை. வல்சலா மேல தப்பே இல்லை. அடுத்த தடவையும் அந்த வார்டுக்கு அவதான்."

அந்த வாசல்ல எங்க ஜீப்பே நுழையும்.