சரக்குப் பெட்டிக்கு வந்த துரு

மேஜைமேல் ஓடும் குட்டி ரயில்களைச் செய்வது மாசிலாமணிக்குப் பொழுதுபோக்கு. புதிதாகச் செய்த பிளாஸ்டிக் சரக்குப் பெட்டிக்குப் பழுப்புச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துருவேற்றினார். கதவோரம் மழைநீர் வழிந்த தடத்தைக்கூட வரைந்து, ஜன்னலோரம் காயவைத்தார்.

பார்க்க வந்தவர்களெல்லாம், "அடேயப்பா, எத்தனை மழை பார்த்த வண்டி!" என்று வியந்தார்கள். பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு கவலைதான். யாராவது அந்த மழையைப் பற்றிக் கேட்டுவிட்டால் என்ன சொல்வது?

தன் அடியில் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்புத் திருகாணியிடம் மெல்ல விசாரித்தது. "ஏம்ப்பா, துருப்பிடிச்சா எப்படி இருக்கும்?"

"முதல்ல சில்லுனு இருக்கும்ண்ணே. ஜன்னலோரம் சாரல் அடிச்சுதுல்ல, உங்க மேல வழிஞ்சு போயிடுச்சு, என் மேல தங்கிடுச்சு. அப்புறம் உள்ளுக்குள்ளேயே பொடிப்பொடியா உதிரும். வெளிய சொல்லிக்க முடியாது. ஆனா நான் பிடியை விடலை."

மறுநாள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்த மாசிலாமணி முகம் சுளித்தார். "ச்சே, துரு!" திருகாணியைக் கழற்றிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, பளபளவென்று வேறொன்றை முடுக்கினார். பழைய திருகாணி கூடைக்குள் விழுந்த சத்தம் பெட்டிக்கு நன்றாகவே கேட்டது.

புதுத் திருகாணி அண்ணாந்து பார்த்து மலைத்துப்போனது. "அண்ணே, இவ்வளவு துருவா! ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே?"

பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"முதல்ல சில்லுனு இருக்கும், தம்பி" என்று ஆரம்பித்தது.