நனையாத பை

"கண்ணு பிடரியிலயா இருக்கு? சம்பந்தி வீட்டு மெத்தையில ஒரு கெண்டி டீயையும் கொட்டிட்டியேடி!"

சபிரா தன் மருமகள் ஜனாரை வீடே அதிரத் திட்டினாள். வாய்தான் திட்டியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பின்னே? மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. பேரனுக்குத் தொட்டில் விருந்து என்று ஷிம்கெந்த் பட்டணத்திலிருந்து வந்த இடத்தில், ராத்திரி தூக்கத்தில் சபிராவே படுக்கையை நனைத்துவிட்டாள். வெளியே தெரிந்தால் மகள் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? நல்ல வேளை, காலையில் டீ கொண்டுவந்த இந்தத் தத்துப்பித்து கால் தடுக்கி விழுந்தது. மெத்தை வெயிலுக்குப் போய்விட்டது.

ஆனால் ஈர உள்பாவாடை? விடியுமுன்னே சுருட்டி, விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள். சந்தடி அடங்கியதும் போய்ப் பார்த்தால், அங்கே விறகுதான் இருந்தது.

யார் எடுத்தது? விருந்தில் ஒரு வாய் கறி இறங்கவில்லை. யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று பட்டது.

விருந்து முடிந்தது. மிஞ்சிய கறியைப் பங்குபோட சம்பந்தியம்மா ரௌஷான் அண்டாவோடு வந்தாள். கொடுப்பதை வாங்காமல் போனால் அந்த வீட்டுச் சோற்றை மிதித்த மாதிரி. பெண்கள் பையை நீட்ட முண்டினார்கள்.

ரௌஷானின் கண் ஜனார் கையிலிருந்த புதுப் பையில் விழுந்தது.

"சோப்பு, பிரஷ் வைக்கிற பைதானேம்மா அது? ஒரு சொட்டு ஒழுகாதாமே! நீட்டு, சாறோட ஊத்தறேன்."

ஜனார் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதுல வேண்டாம் அத்தை."

"பட்டணத்துக்காரிக்கு நம்ம குதிரைக்கறி நாறுதாக்கும்!" என்று ஒருத்தி குத்தினாள்.

ரௌஷானின் முகம் கறுத்தது.

சபிராவுக்கு உச்சி எரிந்தது. காலையில் டீ, இப்போது இது! "கொடுடி இங்கே! சோப்புப் பைக்கு இவ்வளவு ராங்கியா?"

"அத்தை, வேண்டாம்..."

வெடுக்கென்று பிடுங்கி, ஜிப்பை நாலு விரல் திறந்தாள் சபிரா.

உள்ளே அவளுடைய உள்பாவாடை. துவைத்து, பிழிந்து, மடித்து. ஈரம் இன்னும் காயவில்லை. பையின் வெளியே ஒரு துளி கசியவில்லை.

சரக்கென்று ஜிப்பை மூடினாள். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிப் போயிற்று. அட கடவுளே, இந்தப் பெண்ணையா திட்டினேன்!

"ரௌஷான், என் மருமகளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் சத்தமாக. "பை என்னோடது. என் பல்செட்டு இருக்கு, யார் கேட்டாலும் திறக்காதேன்னு நான்தான் சொல்லிவெச்சேன். கிழவி, மறந்துட்டேன்!"

"பல்லு மேல கறியை ஊத்தப் பார்த்தேனே!" என்று ரௌஷான் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுல போடுங்க." சபிரா தன் பட்டுச் சால்வையை உருவி விரித்தாள். நெய் வடிய வடியக் கறி வந்து விழுந்தது. அவள் கவலையே படவில்லை.

வண்டி ஏறப் போகும்போது மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"காலையில டீ போட, சமோவாருக்கு விறகு எடுக்கப் போனேன் அத்தை."

"அப்போ... டீ கொட்டினது?"

ஜனார் பையைச் சபிராவின் கையில் வைத்தாள்.

"டீ கொட்டினவளை ஒரு நாள் திட்டிட்டு மறந்துடுவாங்க, அத்தை. மத்ததை மறக்க மாட்டாங்க."